தேதி இல்லாத பாடம்

2025 ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டில் மூன்று நாள் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. காரணம் ஒரு ஆமை. கிணற்றில் விழுந்த ஆமை இல்லை, கம்ப்யூட்டர் திரையில் வர வேண்டிய ஆமை. வரவே மாட்டேன் என்றுவிட்டது.

என் மகள் வயிற்றுப் பேத்தி பொறியியல் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்குச் சிலமலைக்கு வந்திருந்தாள். வழக்கமாக வந்த அன்றே அவள் அம்மாச்சியோடு அடுப்படியில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிடுவாள். இந்த முறை லேப்டாப்பைத் திறந்துகொண்டு முன் அறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்கிறார்களாம். கிடங்குக்குள் தானாக ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவரும் சின்ன வண்டி ஒன்று. வண்டியை நிஜமாகச் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ரோஸ் என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். சரியாக நிறுவினால் முதல் பாடத்தில் ஒரு ஆமை வரும். அம்புக்குறி பட்டன்களை அழுத்தி அந்த ஆமையை நகர்த்திவிட்டால் முதல் பாடம் பாஸ்.

மற்ற மூன்று பேருக்கும் ஆமை வந்துவிட்டது. இவளுக்கு மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"எனக்கு இதெல்லாம் வராது தாத்தா. என் பேரை எடுத்துடச் சொல்லி மெசேஜ் போடப் போறேன். பேசாம பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்றாள்.

பேங்க் வேலை ஒன்றும் மட்டமானதில்லை. விருப்பப்பட்டுப் போனால் நானே ரயில் ஏற்றிவிடுவேன். ஆனால் "எனக்கு வராது" என்று சொன்னாள் பாருங்கள், அதைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டால், அதற்கு ஆதாரம் என்ன என்று பெரியவர்கள் ஒருமுறை கேட்க வேண்டாமா?

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான சிலமலைக்கு வந்து சேர்ந்தவன் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் இந்தக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட ஃபைலை எப்படிப் படிப்பது என்று தெரியும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் மறுநாள் காலையில் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் இந்த ரோஸ் என்பது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரோபோட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம். பெயர்தான் அப்படி, உண்மையில் அது விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. அமெரிக்காவில் 2007 வாக்கில் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்து, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கொடுத்திருக்கிறார்கள். அது செய்கிற வேலை என்ன என்று பேத்தி விளக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் அலுவலகத் தபால் பிரிவு! ரோபோவின் கண் ஒரு மேஜை, சக்கரம் ஒரு மேஜை, வழி யோசிக்கிற மூளை ஒரு மேஜை. ஒரு மேஜை எழுதி அனுப்புகிற சேதி தேவையான மற்ற மேஜைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பட்டுவாடாவைச் செய்வதுதான் ரோஸ். அம்புக்குறி பட்டன் ஒரு மேஜை, ஆமை இன்னொரு மேஜை. பட்டனிலிருந்து ஆமைக்குத் தபால் போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் பாடம்.

"சரி பாப்பா, கம்ப்யூட்டர் என்ன சொல்லித் திருப்பி அனுப்புச்சு? வாசி" என்றேன்.

"எரர்னு வருது தாத்தா."

"எரர்னா எல்லாத்துக்கும்தான் எரர். அது எழுதியிருக்கிறதை எழுத்து விடாம வாசி."

வாசித்தாள். 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்று ஆரம்பித்து, ரோஸ், நொயெட்டிக், டெஸ்க்டாப், ஃபுல் என்று முடிந்தது. அந்தப் பெயரில் ஒரு பொட்டலத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது. அவ்வளவுதான். உனக்கு வராது என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். மூன்று நாளில் முதல் முறையாக லேசாகச் சிரித்தாள்.

அடுத்து, எந்தக் குறிப்பைப் பார்த்து இந்தக் கட்டளைகளை அடித்தாய் என்று கேட்டேன். சீனியர் மாணவர்கள் வழிவழியாகக் கொடுத்துவிட்டுப் போன பதினோரு பக்கக் குறிப்பு ஒன்றைக் காட்டினாள். பக்கம் பக்கமாகப் படங்களோடு அழகாகத்தான் இருந்தது. நான் முதல் பக்கத்தின் மேலே பார்த்தேன், கடைசிப் பக்கத்தின் கீழே பார்த்தேன். தேதி இல்லை. யார் எழுதியது, எந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பில் செய்து பார்த்து எழுதியது என்று ஒரு வரி இல்லை. எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது.

ரோஸின் சொந்தப் பக்கத்துக்குப் போய்த் தேடிப் பார்த்தோம். விஷயம் இதுதான். உபுண்டு என்ற இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் ரோஸில் ஒரு ஜோடிப் பதிப்பு உண்டு. உபுண்டு 18.04க்கு மெலோடிக், 20.04க்கு நொயெட்டிக், 22.04க்கு ஹம்பிள், 24.04க்கு ஜாஸி. ஜோடி மாற்றிப் போட்டால் பொட்டலம் கிடைக்காது. பேத்தியின் லேப்டாப் புதிது, அதில் இருந்தது 24.04. குறிப்பு சொன்னதோ நொயெட்டிக். அது 2020-ல் வந்தது. அதற்கான ஆதரவே 2025 மே 31-ம் தேதியோடு முடிந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்து பார்த்தது ஜூன் இரண்டாம் வாரம்!

இதில் ஒரு வேடிக்கை. பதிப்புகளுக்கு ஆங்கில அகரவரிசைப்படி பெயர் வைக்கிறார்கள், பெயரோடு ஒரு ஆமையையும் சேர்த்து. ஹம்பிளோடு சேர்ந்திருப்பது ஹாக்ஸ்பில், நம் கடலோரத்தில் அழுங்காமை என்பார்களே, அதுதான். எழுத்து வரிசையைப் பார்த்தால் 'என்' என்ற எழுத்து 'ஜே'வுக்குப் பின்னால் வருகிறது. அதனால் நொயெட்டிக்தான் ஜாஸியைவிடப் புதியது என்று பேத்தி நினைத்திருந்தாள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது என்னவென்றால், ரோஸ் 2 என்று மறுபடி புதிதாக எழுதியபோது பெயர் வரிசையையும் 'ஏ'யிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டார்கள். நொயெட்டிக் பழைய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை, ஜாஸி புதுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அப்படியானால் மற்ற மூவருக்கும் எப்படி ஆமை வந்தது? அவர்களுடையது சீனியர்களிடமிருந்து வாங்கிய பழைய லேப்டாப்கள், உள்ளே உபுண்டு 20.04. பழைய குறிப்பும் பழைய மெஷினும் பொருந்திக்கொண்டன. அதாவது, காலாவதியான பதிப்பை வைத்திருந்தவர்கள் பாஸ், புது மெஷின் வைத்திருந்தவள் ஃபெயில். அந்த ஃபெயிலை வைத்துத்தான் என் பேத்தி தன் தலையெழுத்தை மாற்றி எழுதப் பார்த்தாள்.

ஜாஸியை நிறுவத் தொடங்கினோம். உடனே அடுத்த ஆட்சேபணை வந்தது. சாவி காலாவதி என்றது. ரோஸ் பொட்டலங்கள் உண்மையில் அவர்களிடமிருந்துதான் வருகின்றனவா என்று கம்ப்யூட்டர் சரிபார்க்கும். அதற்கு ஒரு சாவியைப் பயன்படுத்துகிறது. கருவூலத்தில் அதிகாரியின் மாதிரிக் கையொப்பத்தை வைத்துக்கொண்டு பில்லில் உள்ள கையொப்பத்தோடு ஒப்பிடுவார்கள் அல்லவா, அதே முறை. அதிகாரி மாறியபின் புது மாதிரிக் கையொப்பம் போய்ச் சேராவிட்டால் நல்ல பில்லும் திரும்பி வரும். பேத்தி மே மாதம் ஹாஸ்டலில் ஒரு தோழி கொடுத்த கட்டளைகளில் பாதியைப் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தாள். அப்போது வாங்கிவைத்த சாவியின் ஆயுள் ஜூன் 1-ம் தேதியோடு முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில் உலகம் முழுக்கப் பலருக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது. சாவி மாறினால் தானாகவே புதுச் சாவி வந்து சேரும்படி ஒரு சின்னப் பொட்டலத்தையும் ரோஸ்காரர்கள் தயாரித்து, தங்கள் பக்கத்தில் நிறுவும் முறையையே மாற்றி எழுதிவிட்டார்கள். தோழியின் குறிப்பில் அது எப்படி இருக்கும்?

அவளுடைய நண்பர்கள் போனில், "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடு" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். ஒரு ஃபைல் கிடைக்கவில்லை என்றால் பீரோவையா கொளுத்துவார்கள்? பழைய சாவியை எடுத்துவிட்டுப் புதிய முறைப்படி போட்டதும், அரை மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது.

அப்புறம் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றது. நிறுவியாகிவிட்டது, ஆனால் அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிறது. கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைப் புதிதாகத் திறக்கும்போதெல்லாம், ரோஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்கு ஒருமுறை சொல்ல வேண்டுமாம். அதற்கு 'சோர்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. புது கிளார்க்கைப் போல, ஒவ்வொரு ஜன்னலுக்கும் முதலில் அலமாரியைக் காட்டிவிட வேண்டும். தினமும் சொல்ல அலுப்பாக இருந்தால், ஜன்னல் திறந்ததும் தானே படித்துக்கொள்ளும் ஒரு கோப்பில் அந்த வரியை எழுதி வைத்துவிடலாம். பேத்தி எழுதி வைத்தாள்.

ஆமை வந்தது! நீலத் திரையின் நடுவில் ஒரு குட்டி ஆமை. அம்மாச்சி கூட அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அம்புக்குறியை அழுத்தினால் ஆமை அசையவில்லை. பேத்தியின் முகம் மறுபடி விழுந்தது. குறிப்பை இந்த முறை அவளாகவே எழுத்துக் கூட்டி வாசித்தாள். பட்டன் அழுத்தும்போது கர்சர் ஆமை இருக்கும் ஜன்னலில் இருக்கக் கூடாது, பட்டனைக் கவனிக்கும் கட்டளை ஓடுகிற ஜன்னலில் இருக்க வேண்டும். அங்கே ஒரு க்ளிக். ஆமை கோடு கிழித்துக்கொண்டு ஓடியது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம், முடித்தபோது மணி ஒன்றரை.

அடுத்த வாரம் வண்டியை ஓட்டிப் பார்க்கும் கசீபோ என்ற மென்பொருளிலும் இதே கதை. பழைய கசீபோவுக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தது. அதற்கு மாற்றாக வந்தது சில வருடம் இக்னிஷன் என்ற பெயரில் இருந்து, 2022-ல் மறுபடியும் கசீபோ என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. எனவே எந்த வருடத்துப் பாடம் என்பதைப் பொறுத்துக் கட்டளையின் முதல் வார்த்தையே மூன்று விதம். ஆனால் இந்த முறை பேத்தி என்னைக் கூப்பிடவில்லை. பாடத்தின் தேதியைத் தேடிப் பார்த்தாளாம், தானே சரி செய்துவிட்டாளாம். நால்வருமே ஜாஸிக்கு மாறிவிட்டார்கள். அதற்கு 2029 மே வரை ஆதரவு உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன நாலு சிக்கல்களில் ஒன்றுகூட ரோபோ பற்றியது இல்லை. ஒன்றுக்கும் பெரிய கணக்கு அறிவு தேவைப்படவில்லை. பாதிக்கு மேல், பாடத்தின் மேல் தேதியும் பதிப்பும் எழுதாததால் வந்தது. மீதி, கம்ப்யூட்டர் சொன்னதை முழுதாக வாசிக்காததால் வந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவது பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது?

அரசாங்கத்தில் எண்ணும் நாளும் இல்லாத ஆணையை யாரும் மதிக்க மாட்டார்கள். புது ஆணை வந்தால், இன்ன தேதியிட்ட இன்ன ஆணைக்கு மாற்றாக இது என்று முதல் வரியிலேயே எழுதுவோம். வெறும் சம்பிரதாயம் என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். எழுபதுகளில் ஒருமுறை, ஒரு கடைநிலை ஊழியரின் விதவைக்கான குடும்ப ஓய்வூதிய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. எனக்கு முன் இருந்தவர் மேஜை இழுப்பறையில் பிரெஞ்சில் ஒரு குறிப்பு ஒட்டி வைத்திருந்தார், என்னென்ன காகிதம் வாங்க வேண்டும் என்று. பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, பெருமையோடு அதன்படியே செய்தேன். அந்தக் குறிப்பில் தேதி இல்லை. அது சொன்ன நடைமுறை எப்போதோ மாறிப்போயிருந்தது. தேவையே இல்லாத ஒரு சான்றிதழுக்காக அந்த அம்மாவை மூன்று முறை அலையவிட்டேன். நாலு மாதம் அவர் வீட்டுக்குப் பணம் போகவில்லை. மேலதிகாரி கண்டுபிடித்துத் திட்டியது எனக்கு மறந்துவிட்டது. ஆனால் மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மா, "எனக்குப் படிப்பில்லை ஐயா, நான்தான் ஏதோ தப்பா கொண்டாந்துட்டேன்" என்றார். அது மறக்கவில்லை. தப்பு என்னுடையது, பழியை அவர் சுமந்துகொண்டு போனார். பேத்தி "எனக்கு வராது" என்றபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. என்ன தேதி ஏலம், என்ன ரகம் என்று சொல்லாமல் யாராவது கிலோ இன்ன விலை என்றால் டீக்கடையில்கூடச் சிரிப்பார்கள். போடி ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவோடு நின்றது. அகலப்பாதையில் போடிக்கு ரயில் திரும்ப வந்தது 2023 ஜூன் 15-ம் தேதி. இடையில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். 2009-ம் வருட அட்டவணையை வைத்துக்கொண்டு 2015-ல் ஒருவர் போடி ஸ்டேஷனில் போய் நின்றால் ரயில் வராது. அவருக்கு ரயில் ஏறத் தெரியவில்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் கம்ப்யூட்டர் பாடத்தில் மட்டும் பிள்ளைகளை அப்படித்தான் சொல்லுகிறோம், அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

என் மருமகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மெக்கானிக்கல் படித்தவர். "கஷ்டப்பட்டு நோண்டினாத்தான் மாமா வரும். எல்லாத்தையும் வாயில ஊட்டினா இன்ஜினியர் ஆக முடியாது" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. பேத்தியே அந்த ஒரு காலைப்பொழுதில் உபுண்டு பற்றிக் கற்றது ஒரு செமஸ்டரில் கற்றதைவிட அதிகம் என்கிறாள். ஆனால் மலைக்கு ஏறும்போது செங்குத்தில் மூச்சு வாங்குவது வேறு, குரங்கணிக்குப் போகும் வழி என்று பழைய பலகையைப் பார்த்து வேறு பாதையில் அலைவது வேறு. ரெண்டும் கஷ்டம்தான். முதலாவதில் கால் பலப்படும், இரண்டாவதில் பொழுதுதான் சாயும்.

இன்னொன்றையும் மருமகனிடம் சொன்னேன். பட்டணத்துப் பிள்ளைக்கு ஆமை வராவிட்டால் கேட்க ஒரு அண்ணன் இருப்பான், பக்கத்து ஃப்ளாட்டில் ஐ.டி. மாமா இருப்பார். அரை மணியில் தீர்ந்துவிடும். மேலே தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகிற தாயின் பிள்ளை, வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, யாரைக் கேட்கும்? அந்தப் பிள்ளைக்கு அந்தப் பதினோரு பக்கம்தான் அண்ணன், மாமா எல்லாம். அதில் தேதி இல்லாவிட்டால் முதலில் பின்வாங்குவது அந்தப் பிள்ளைதான். திறமை இல்லாததால் பின்வாங்கியது என்று நாமும் நினைத்துக்கொள்வோம்.

ரோஸை எழுதியவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. இலவசமாகக் கொடுக்கிறார்கள், பதிப்புக்குப் பதிப்பு தனித்தனியாக விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காகப் பாடம் எழுதிப் போடுகிறவர்களிடமும் கறாராகப் பேச முடியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறவர்களிடம் கேட்கலாம். லேப் குறிப்பின் மேலே மூன்று வரி போதும். எழுதிய நாள், எந்த உபுண்டு, எந்த ரோஸ். வருடத்துக்கு ஒருமுறை, வகுப்பு தொடங்குவதற்கு முன், ஒரு காலி மெஷினில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆசிரியரே செய்து பார்த்துவிட்டு, "இன்ன தேதியில் சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் வேலை. அறுபது பிள்ளைகளுக்கு மூன்று மூன்று நாள் மிச்சம்.

நடக்காத காரியத்தைச் சொல்லவில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்தியது. இலவச மென்பொருள்களைப் பற்றிய சின்னச் சின்னக் காணொளிப் பாடங்கள், தமிழ்க் குரலிலும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், இதைப் பதிவு செய்ய இன்ன இயங்குதளம், இன்ன மென்பொருள், இன்ன பதிப்பைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். பழைய பாடமாக இருந்தாலும் பழையது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நான் கேட்பது அதைத்தான்.

தமிழ் என்றதும் ஆமைக்கு மறுபடி வருகிறேன். ஆமையை வைத்துச் சொல்லித்தருவது இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்பவர் 1940-களின் கடைசியிலேயே, வெளிச்சத்தைத் தேடிப் போகும் இயந்திர ஆமைகளைச் செய்தார். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவர் கூட்டாளிகளும் லோகோ என்ற மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். அதிலும் பிறகு ஆமைதான் நாயகன். பிரான்ஸில் 1985-ல் அரசாங்கமே லட்சத்துக்கு மேல் கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகள் லோகோவைப் பிரெஞ்சிலேயே படித்தார்கள். அங்கே குடியேறிய என் அண்ணன் மகன் அந்தக் காலத்தில் எனக்குக் கடிதம் எழுதினான், "சித்தப்பா, நான் அவான்ஸ் என்று அடித்தால் ஆமை முன்னால் போகிறது" என்று. அவனுக்கு அது வீட்டில் பேசுகிற வார்த்தை. அந்த மெஷின்கள் சில வருடத்தில் பழசாகிப்போயின, திட்டத்தை அங்கேயே பலர் குறை சொன்னார்கள். ஆனால் ஆமை தன் பாஷையில் நடந்ததை அந்தப் பையன் மறக்கவில்லை.

தமிழிலும் முத்து அண்ணாமலை எழில் என்ற நிரல்மொழியை உருவாக்கியிருக்கிறார். கணியம் இதழ் 2012 முதல் இலவச மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது. ரோஸ் முழுவதையும் தமிழாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சொல்லும் ஆட்சேபணையை மொழிபெயர்த்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் அதே ஆங்கில வரியை வைத்துத்தான் விடை தேட வேண்டும். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே தமிழில் இரண்டு வரி. இதற்கு என்ன அர்த்தம், முதலில் எதைப் பார்க்க வேண்டும். அடிக்கடி வருகிற பத்துப் பன்னிரண்டு ஆட்சேபணைகளுக்கு எழுதி லேப் சுவரில் ஒட்டினாலே போதும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். உதவி கேட்கும்போது "வரலை" என்று மட்டும் கேட்காதீர்கள். எண் இல்லாத மனுவுக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது. என்ன பதிப்பு, என்ன கட்டளை அடித்தேன், கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று எழுத்து மாறாமல் எழுதிக் கேளுங்கள். பல ஆட்சேபணைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டினால் முதலாவதைப் பாருங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் வால்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பேரப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தால், நமக்கு என்ன தெரியும் என்று நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன எழுதியிருக்கு, வாசி" என்று கேளுங்கள். "இது எந்த வருஷத்துப் பாடம்?" என்று கேளுங்கள். அதற்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. நாற்பது வருடம் ஃபைல் பார்த்த கண் போதும், வரவு செலவு எழுதிய கை போதும்.

விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் பேத்தி ஜூனியர்களுக்காகப் புதுக் குறிப்பு ஒன்று எழுதினாள். பழையது பதினோரு பக்கம், இவளுடையது ஏழு. "சரி பாருங்க தாத்தா" என்று கொடுத்தாள். உள்ளே இருந்தது எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. முதல் பக்கத்தின் மேலே பார்த்தேன். சிலமலை, 2025 ஜூன் 29. உபுண்டு 24.04, ரோஸ் ஜாஸி. அதற்குக் கீழே, 'முன்பு சுற்றில் இருந்த தேதியிடாத குறிப்புக்கு மாற்றாக' என்று ஒரு வரி.

படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.